சத்தம் எங்கே போனது?

என் மூத்தம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால்தான் மூத்தாப்பா சவூதியில் வேலை செய்த காலத்தில் கடிதம் எழுதாமல் கசெட்டில் பேசி அனுப்பினார். 1980களில் எங்கள் ஊரில் பல வீடுகளுக்கு அப்படிப் பேசும் கடிதங்கள் வந்தனவாம். லீவில் வருகிற யாராவது பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். வந்தவற்றுள் ஒன்றே ஒன்றுதான் இப்போது மிச்சம். நான் பிறப்பதற்கு முன்பே மூத்தாப்பா மௌத்தாகிவிட்டார். அவருடைய குரலை நான் கேட்டதே இல்லை.

வீட்டில் கசெட் போடுகிற ரேடியோ பழுதாகிப் பல வருடங்கள். சென்ற பெருநாள் விடுமுறையில் வாப்பா அந்தக் கசெட்டை டவுனில் ஒரு கடையில் கொடுத்து, பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தார். "நீதானே ஐ.சி.டி. படிக்கிறாய். மூத்தம்மாவுக்குப் போட்டுக் காட்டு" என்று என்னிடம் தந்தார்.

மூத்தம்மாவுக்கு இடது காது அறவே கேட்காது. வலது காதிலும் உரக்கச் சொன்னால்தான் விழும். லெப்டொப்பின் சின்ன ஸ்பீக்கர் அவவுக்குப் போதாது. ஹெட்போன் மாட்டினால், அந்தத் துளையில் எப்போதும் "ஙீ" என்று ஓர் இரைச்சல். அப்போதுதான் கத்தாரிலிருந்து நானா கொண்டுவந்து தந்த பெருவிரல் அளவான பெட்டி நினைவுக்கு வந்தது. அதை 'டெக்' என்பார்கள். இலக்க ஒலியை ஒப்புமை ஒலியாக மாற்றும் கருவி.

கணினிக்குள் சத்தம் என்று ஒன்று இல்லை. எண்கள்தான் இருக்கின்றன. ஓர் இசை இறுவட்டில் ஒரு செக்கனுக்கு 44,100 தடவை ஒலியலை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட்டில் எழுதப்பட்டிருக்கும். 16 பிட் என்றால் 65,536 படிகள். இந்த எண்களை மறுபடியும் மின்னலையாக மாற்றினால்தான் ஹெட்போன் அதிரும். மாற்றுகிற பகுதி லெப்டொப்புக்குள்ளேயே உண்டு. ஆனால் அது புரொசசர், விசிறி, மின்வழங்கல் எல்லாவற்றுக்கும் நடுவில் குடியிருப்பதால், அவற்றின் இரைச்சலும் சேர்ந்து வந்துவிடலாம். வெளியில் உள்ள டெக், எண்களை யூ.எஸ்.பி. வழியாக வாங்கி, அந்தச் சந்தடிக்கு வெளியே வைத்து மாற்றுகிறது.

அஸருக்குப் பிறகு மூத்தம்மாவைக் கதிரையில் இருத்தி, முக்காட்டுக்கு மேலேயே ஹெட்போனை மாட்டினேன். டெக்கைச் செருகினேன். பதிவை ஓடவிட்டேன். சத்தம் லெப்டொப் ஸ்பீக்கரிலிருந்து வந்தது! உடனே நிறுத்தினேன். முதன்முதலாக அவதான் கேட்கவேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

வின்டோஸ் திரையின் வலது கீழ்மூலையில் ஸ்பீக்கர் படம் இருக்கிறதல்லவா? அதன் வழியாக ஒலி அமைப்புகளுக்குள் போனால் வெளியீட்டுக் கருவிகளின் பட்டியல் வரும். அதில் டெக்கைத் தெரிவு செய்தேன். பரீட்சார்த்த மணி ஹெட்போனில் ஒலித்தது. மூத்தாப்பாவோ இன்னும் ஸ்பீக்கரில்தான். காரணம் கண்டுபிடிக்கக் கால் மணித்தியாலம் ஆயிற்று. நான் பதிவைத் திறந்திருந்தது ஒடாசிட்டி என்ற மென்பொருளில். அதன் பட்டியலில், அது திறக்கப்பட்டபோது இருந்த கருவிகள் மட்டுமே இருந்தன. டெக் பிறகு வந்த விருந்தாளி. மூடித் திறந்ததும் அதன் பட்டியலிலும் டெக்கின் பெயர் வந்தது.

இடையில் நானா வட்ஸ்அப்பில் ஓர் உத்தரவு அனுப்பினார். வின்டோஸில் 48,000 என்று இருப்பதை 44,100 ஆக்க வேண்டுமாம். வின்டோஸ் வழக்கமாக மென்பொருள்களின் சத்தத்தை ஒரே வேகத்துக்கு மாற்றித்தான் அனுப்புகிறது. பதிவு 44,100இல் இருந்தால் அமைப்பும் அதுவாக இருந்துவிட்டால் மாற்றும் வேலை மிச்சம். செய்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பழைய கசெட்டின் உஸ்ஸென்ற இரைச்சலுக்கு முன்னால் இதெல்லாம் எம்மாத்திரம்? இந்தச் சஞ்சிகை கத்தாருக்குப் போகாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

எல்லாம் சரி. மறுபடி ஓடவிட்டேன். சத்தத்தை மெல்ல மெல்லக் கூட்டினேன்.

"ஒண்டும் கேக்குதில்லயே புள்ள" என்றா மூத்தம்மா.

திரையில் ஒலியலை ஓடுகிறது. டெக்கின் விளக்கு எரிகிறது. அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூத்தம்மா என் தலையைத் தடவி, "பரவாயில்ல மகள், உடு" என்றா. அந்த "உடு"தான் என்னைக் கூடுதலாக வருத்தியது. நாற்பது வருடம் பொறுத்தவ, இன்னும் பொறுப்பா.

தரம் ஐந்தில் படிக்கிற தம்பி ஹெட்போனை எடுத்துத் தன் காதில் வைத்தான். "மூத்தாப்பா இந்தக் காதுல மட்டுந்தான் பேசுறார்" என்று இடது காதைத் தொட்டுக் காட்டினான். கடையில் இடது பக்கத்துக்கு மட்டும் வயர் கொடுத்துப் பதிந்திருக்கிறார்கள். மூத்தம்மாவின் கேட்காத காதுக்குள் அவர் இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். தம்பி ஹெட்போனை வலம் இடமாகத் திருப்பி மாட்டிவிட்டுப் பந்து விளையாடப் போய்விட்டான். அவ்வளவுதான்!

இரு பக்க ஒலியையும் ஒன்றாக்கித் தரும் 'மோனோ' என்ற அமைப்பு வின்டோஸிலேயே இருப்பதைப் பிறகுதான் கண்டேன். ஒரு காது மட்டும் கேட்பவர்களுக்காகவே வைத்திருக்கிறார்கள். விசேட தேவையுடையோருக்கான பக்கத்தில் அது இருந்தது. எனக்கு எதற்கு என்று நான் ஒருநாளும் திறந்து பார்க்காத பக்கம்.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்று அவர் தொடங்கியிருக்க வேண்டும். மூத்தம்மா வீடே அதிரும்படி "வஅலைக்குமுஸ்ஸலாம்" என்றா. பிறகு, "ஓம், கண்டு போட்டுட்டு" என்றா. "ஓடு மாத்தினதான்." "அவன் பள்ளிக்குப் போறான், போறான்." கதவடியில் நின்ற வாப்பா உள்ளே வரவில்லை. நானும் கேட்கக் கேட்கவில்லை. மறுமொழிகளிலிருந்தே கேள்விகளை விளங்கிக்கொண்டேன்.

பதிவு முடிந்ததும் மூத்தம்மா ஹெட்போனைக் கழற்றாமலே என்னைப் பார்த்தா.

"மத்தப் பக்கத்தத் திருப்பிப் போடு புள்ள."

கோப்பின் நீளத்தைப் பார்த்தேன். 30 நிமிடம். மேசையில் கிடந்த கசெட்டை எடுத்துப் பார்த்தேன். அதில் 60 என்று அச்சடித்திருந்தது.

"வாப்பா," என்று கூப்பிட்டேன், "நாளைக்குக் கடை திறந்திருக்குமா?"