கட் அடிப்பதும் பங்க் அடிப்பதும்

"கட் அடிக்கறதும் பங்க் அடிக்கறதும் ஒண்ணுதானடா?" என்று ஹாஸ்டல் நண்பன் ஒருவன் கேட்டான். இல்லவே இல்லை மக்களே!

எங்கள் வகுப்புக் கணக்குப்படி பங்க் என்பது கும்பல் வேலை. நாலு பேர் சேர்ந்து மூன்றாவது பீரியடுக்கு கேன்டீன் பக்கம் நழுவினால் பங்க். மொத்த வகுப்பும் பேசி வைத்துக் காணாமல் போனால் மாஸ் பங்க். கட் என்பது தனி ஆள் சமாச்சாரம். வீட்டில் காலேஜ் என்று சொல்லி, டிபன் பாக்ஸோடு கிளம்பி, காலேஜுக்கே வராமல் இருப்பது. பங்க்கில் மாட்டினால் திட்டை நாற்பது பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம். கட்டில் அந்த வசதி கிடையாது.

வெள்ளைக்காரர்களிடம் இந்தப் பஞ்சாயத்து இல்லை. வகுப்புக்கு மட்டம் போடுவதை அமெரிக்காவில் கட் என்பார்கள், இங்கிலாந்தில் பங்க் ஆஃப் என்பார்கள். அமெரிக்காக்காரனிடம் வெறும் பங்க் என்றால் வெட்டிப்பேச்சு என்று அர்த்தம். 1820-ல் வட கரோலினாவின் பன்கம் என்ற ஊர்ப்பக்கத்து எம்.பி. ஒருத்தர் அவையில் அறுத்த அறுவையில் பிறந்த வார்த்தையாம் அது. நம்மூரில் பங்க் என்றால் பெட்ரோல். முதல் வருஷம் காலேஜிலிருந்து போன் போட்டு "உங்க பையன் பங்க் அடிக்கிறான்" என்றதற்கு எங்கப்பா, "அவன்கிட்ட வண்டியே இல்லீங்களே சார்" என்றார் :-)

சரி, மேட்டருக்கு வருகிறேன். எங்கள் வகுப்பில் ஒருத்தனுக்கு 'கட் மன்னன்' என்று பெயர். வாரத்தில் ஒரு நாளாவது வர மாட்டான். கேட்டால் சிரிப்பான். போன செமஸ்டரில் மாஸ் பங்க் போட்டோம். ஏற்பாடு அடியேன்தான். அன்றைக்குப் பார்த்து அவன் மட்டும் வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு அட்டெண்டன்ஸ், மீதிப் பேர் அத்தனைக்கும் ஆப்சென்ட். கடுப்பில் இரண்டு வாரம் அவனிடம் யாரும் பேசவில்லை. பேசக்கூடாது என்று சொன்னதும் நான்தான்.

அப்புறம் ஒரு நாள் விடிகாலை. மேட்டுப்பாளையம் போக வேண்டி, தோட்டத்துத் தடத்தில் குறுக்கே நடந்துகொண்டிருந்தேன். காரமடை சுற்றுவட்டாரத்தில் கறிவேப்பிலைத் தோட்டங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். ஒரு தோட்டத்தில் நாலைந்து பெண்களோடு இவனும் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் அம்மா கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை.

"இங்க என்னடா பண்ற?"

"பாத்தா தெரியலையா? கட் அடிக்கறேன்" என்றான், அரிவாளைத் தூக்கிக் காட்டி.

அறுப்புக்கு ஆள் கிடைக்காத நாட்களில் அம்மாவோடு கூலிக்கு வந்துவிடுவானாம். அதற்கென்று ஒரு நோட்டில் மணிக்கணக்கு எழுதி வைத்திருக்கிறான். 75 சதவீதத்துக்குக் கீழே போனால் பரீட்சை எழுத முடியாது. மாஸ் பங்க் அன்றைக்கு அவன் கையில் மிச்சம் இருந்தது இரண்டே பீரியட். அதை நாங்கள் கேன்டீனில் டீ குடிப்பதற்காக எப்படிக் கொடுப்பான்?

"சொல்லியிருக்கலாமில்லடா" என்றேன். "நீங்க எங்கடா கேட்டீங்க" என்றான்.

அடுத்த நாள் முதல் பீரியடுக்கு அவன் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். தள்ளி இடம் விட்டான். நோட்டிலெல்லாம் கறிவேப்பிலை வாசம்.