இரண்டு டிராக் நாள்களுக்கு நடுவில்

பந்தயத்துக்கென்றே இருக்கும் காரைவிட, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டிப் பார்க்க வரும் காருக்குத்தான் பிரேக்கில் அதிகக் கவனம் வேண்டும். பந்தயக் கார் லாரியில் ஏறி வந்து லாரியில் ஏறிப் போகிறது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் அதைப் பிரித்துப் பார்த்துவிடுவார்கள். எங்களிடம் வரும் போர்ஷே கேமன் அப்படியல்ல. ஞாயிற்றுக்கிழமை டிராக்கில் ஓடி, அன்று மாலையே பெங்களூர் ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே வீடு திரும்பி, திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகிறது. பிறகு வாரக்கணக்கில் கவர் போட்டு நிற்கிறது. அப்படி நிற்கும் காலத்தில் பிரேக்குக்கு என்ன ஆகிறது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஆறு பிஸ்டன் காலிப்பர் போடலாமா, துளை போட்ட டிஸ்க் போடலாமா என்றுதான் கேட்கிறார்கள்.

ஓட்டுபவரையும் சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள கார் 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80-க்கு இறங்கும்போது, ஏறக்குறைய 18 லட்சம் ஜூல் சக்தி வெப்பமாகிறது. ஆறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். அவ்வளவும் மூன்று நான்கு நொடிக்குள் டிஸ்க்குகளில் இறங்குகிறது. பெரும்பகுதி முன்சக்கரங்களின் தலையில் விழுகிறது. சாலையில் எப்போதாவதுதான் இப்படி மிதிப்போம். 3.717 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் உள்ள இந்த டிராக்கில் ஒரே சுற்றில் பலமுறை மிதிக்கிறோம், ஆறுவதற்கு நேரமே கொடுக்காமல்.

அந்தச் சூடு டிஸ்க்கோடு நின்றுவிடாது. பேட் வழியாக பிஸ்டனுக்கும், பிஸ்டனிலிருந்து பிரேக் ஆயிலுக்கும் போகும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும் என்பது தரவிதி. அதே ஆயிலில் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால், 155 டிகிரி தாங்கினால் போதும் என்று அதே விதி ஒப்புக்கொள்கிறது. தண்ணீரை யாரும் ஊற்ற வேண்டாம். கிளைக்கால் வகை ஆயில் காற்றிலிருந்து ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஈரம் உள்ளே போகும். சென்னைக் கடற்காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இது நடந்துகொண்டே இருக்கும். பேட் தேய்ந்தால் சத்தம் போட்டுச் சொல்லும். ஆயில் சொல்லாது. அது கொதித்து ஆவியாகும் நொடியில் பெடல் தரைவரை போகும், கார் நிற்காது.

அதனால் கையில் இருக்கும் பணத்தில் முதல் ரூபாய் ஆயிலுக்குத்தான் என்பேன். மோட்டுல் ஆர்பிஎஃப் 660 போன்ற பந்தய ஆயில் புதிதாக இருக்கும்போது 325 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அதுவும் ஈரம் இழுக்கும். ஆறு மாதத்துக்கு முன்னால்தானே ஊற்றினோம் என்று விடுவதில்லை, டிராக் நாளுக்கு முந்தைய வாரம் மாற்றிவிடுகிறேன். பாதி மீந்த பாட்டிலை எடுத்து வைத்து அடுத்த காருக்கு ஊற்றுவதும் கிடையாது.

ஏர் எடுக்கும் வேலையை மிஷினில் செய்யலாம். கடைசிச் சுற்றை மட்டும் நான் காலால்தான் செய்கிறேன். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை இருக்கும். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பெடல் முழுசாக அமுங்கினால், அதுவரை உரசாத இடத்தில் சீல் உரசிக் கிழியக்கூடும். பையன் உள்ளே உட்காருவான். நான் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஸ்பேனரோடு. "மிதி." "மிதிச்சிட்டேன்ணா." "அப்படியே பிடி, விட்றாத." நிப்பிளைக் கால் திருகு திறந்தால், தெளிந்த டியூபில் பழுப்பு ஆயிலோடு மணி மணியாகக் காற்று வரும். மூடிய பிறகுதான் "விடு". பழுப்பு வெளுத்து, ஒரு குமிழிகூட இல்லாமல் வரும்வரை இதுவேதான். இந்தக் காலிப்பரில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு நிப்பிள். வெளியே இருப்பதோடு முடித்துக்கொண்டால் உள்பக்கக் காற்று அப்படியே தங்கிவிடும். ஏபிஎஸ் பெட்டிக்குள் நிற்கும் பழைய ஆயிலை ஸ்கேனர் போட்டு வால்வைத் திறந்துதான் வெளியேற்ற முடியும்.

அடுத்தது பேட். முழுப் பந்தய பேட் சூடானால்தான் கடிக்கும். ஆறிய நிலையில் ஸ்ரீபெரும்புதூர் சிக்னலில் முன்னால் போகும் பஸ் சட்டென்று நின்றால், அந்த முதல் மிதியில் எதிர்பார்த்த பிடி கிடைக்காது. வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு வருபவருக்கு நடுத்தர பேட்தான் சரி. கொஞ்சம் கிறீச்சிடும், ரிம்மில் கறுப்புத் தூசி அடையும், பொறுத்துக்கொள்ள வேண்டும். பாதிக்கு மேல் தேய்ந்த பேட்டோடு டிராக்குக்கு அனுப்ப மாட்டேன். பேட்டின் கனம்தான் டிஸ்க்கின் சூட்டுக்கும் ஆயிலுக்கும் நடுவே இருக்கும் தடுப்பு.

புது பேட் போட்டால் படிய வைக்க வேண்டும். நூறிலிருந்து இருபது வரை நல்ல அழுத்தமாகப் பலமுறை இறக்கி, நடுவில் எங்கும் முழுசாக நிறுத்தாமல், கடைசியில் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். பேட்டின் மெல்லிய படலம் டிஸ்க் முழுக்கச் சீராக ஏறும். சூடான பேட்டை நின்ற காரில் அழுத்திப் பிடித்தால் அந்த இடத்தில் மட்டும் திட்டாக ஒட்டும். அதற்குப் பிறகு ஸ்டியரிங் நடுங்கும். டிஸ்க் பெண்டாகிவிட்டது என்று கழற்றிப் போடுவார்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலான டிஸ்க் பெண்டாகவே இல்லை.

டிஸ்க்கை ஆற்றும் காற்றுக்கு அதிகம் செலவில்லை. ஜிடி3 காருக்கு வரும் பிளாஸ்டிக் காற்றுத் தகட்டைப் பழைய கேமனின் கன்ட்ரோல் ஆர்மில் மாட்டிவிடலாம். காற்று டிஸ்க்கின் நடுப்பகுதிக்குப் போக வேண்டும். அங்கிருந்து உள்ளே இருக்கும் இடைவெளிகள் வழியாக டிஸ்க்கே அதை வெளியே வீசும். டிஸ்க்கின் முகத்தில் மட்டும் அடித்தால் ஒரு பக்கம் ஆறி மறுபக்கம் சூடாக இருக்கும்.

டிராக்கில் கடைசிச் சுற்றைப் பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டி வரச் சொல்வேன். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாமல், கியரில் விட்டு சக்கரத்துக்குக் கட்டை. அடுத்த வாரம் கார் என்னிடம் வந்தால், சக்கரத்தைக் கழற்றி முதலில் பின் பேட்டைப் பார்ப்பேன். வளைவில் கார் வழுக்காமலிருக்க எலக்ட்ரானிக் கன்ட்ரோல் சக்கரங்களைத் தனித்தனியே பிடித்துக்கொண்டிருக்கும். பின் பேட் எதிர்பார்த்ததைவிடத் தேய்ந்திருக்கும். பிறகு டிஸ்க்கின் துளைகளைச் சுற்றி நகத்தால் வருடிப் பார்க்கிறேன். மெல்லிய ரேகைகள் இருக்கத்தான் செய்யும். நகம் மாட்டினால், அல்லது ரேகை டிஸ்க்கின் ஓரம்வரை ஓடியிருந்தால், இன்னும் ஒரு டிராக் நாள் ஓட்டிவிடலாமே சார் என்று எவ்வளவு கேட்டாலும் அந்த டிஸ்க்கை மறுபடி மாட்டுவதில்லை. துளையில்லாத சாதா டிஸ்க்கை மாட்டி, வாரம் ஒருமுறையாவது காரை வெளியே எடுத்துத் துரு போக நாலு முறை பிரேக் பிடிக்கச் சொல்லி அனுப்புகிறேன்.