அழிரப்பரும் அப்பத்தாவின் குரலும்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி உண்டு. தாத்தாவின் வெற்றிலைச் செல்லம், அப்பாவின் ஓடாத கைக்கடிகாரம், அக்காவின் மடிக்கணிப்பொறி ஆகிய மூன்றும் அதில் வெகுநாளாய்ச் சேர்ந்து கிடந்தன. சென்ற ஐப்பசியில் மூன்றாவதை மட்டும் நான் கீழே இறக்கினேன்.

2011-ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ், 2014-இல் அக்கா பிளஸ் டூ படித்தபோது கிடைத்தது அது. அக்கா கல்லூரிக்குப் போகவில்லை. திருமணமாகிப் போகும்போது, "தம்பி படிக்கட்டும்" என்று அதை வைத்துவிட்டுப் போனாள். அதற்குள்ளே அப்பத்தாவின் குரல் இருந்தது. ஒரு மழை நாளில் அப்பத்தாவைத் திண்ணையில் உட்காரவைத்து, தாத்தா இறந்தபோது அவள் பாடிய ஒப்பாரியை அக்கா அதில் பதிவு செய்திருந்தாள். "இதுக்குள்ள போன குரலு திரும்பி வருமாடி?" என்று அப்பத்தா கேட்டது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. 2021-இல் அப்பத்தா போய்விட்டாள். வேறு பதிவு எதுவும் எங்களிடம் இல்லை.

தமிழ்ப் பேராசிரியர் அவரவர் ஊர்ப் பாடல்களைத் திரட்டி வரச் சொன்னபோதுதான் பெட்டியின் நினைவே வந்தது. விசையை அழுத்தினேன். திரை கருப்பாகவே இருந்தது. 'பீப், பீப்' என்று ஒலி மட்டும் வந்தது. நகரத்துக் கடையொன்றில் காட்டினேன். கடைக்காரர் திறந்துகூடப் பார்க்கவில்லை. "மதர்போர்டு போச்சு. நாலாயிரத்து ஐந்நூறு ஆகும். அதுக்கு இதைப் பழைய இரும்புக்குப் போட்டுடலாம்" என்றார். அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துத் தருவதாகச் சொன்னாள். நான்தான் தயங்கினேன்.

மறுநாள் எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "தம்பி, மதர்போர்டு அடியோட செத்திருந்தா அது எப்படிக் கத்தும்? கத்துதுன்னா ஏதோ சொல்லுதுன்னு அர்த்தம். ராமைக் கழற்றி ரப்பரால துடைச்சுப் பாரு" என்றார். நினைவகப் பட்டையைத்தான் ராம் என்கிறோம். அதன் ஓரத்தில் வரிசையாகப் பொன்னிறப் பற்கள் இருக்கும். புழுதியும் ஈரமும் அவற்றின்மேல் மெல்லிய படலமாய்ப் படிந்துவிட்டால் மின்தொடர்பு அறுந்துபோகும். கணிப்பொறி விழித்தெழுந்தவுடன் முதலில் தன் உறுப்புகளைச் சோதித்துக்கொள்கிறது. நினைவகம் தட்டுப்படாவிட்டால் திரையில் எழுதிக் காட்ட வழியில்லாததால் ஒலியால் முறையிடுகிறது. இயற்பியல் மாணவனான எனக்கு இது தோன்றாமற் போனது வெட்கந்தான்.

மின்கம்பியையும் பேட்டரியையும் நீக்கினேன். மிச்ச மின்னோட்டம் வடியும்பொருட்டு விசையை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தேன். நம் உடம்பிலுள்ள நிலைமின்சாரமும் இந்தப் பட்டையைக் கெடுக்கவல்லது. ஆதலால் ஒரு இரும்புப் பொருளைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது. பின்புறத் திருகைக் கழற்றி, பட்டையை எடுத்து, பள்ளிக்கூடப் பையன்கள் வைத்திருக்கும் மென்மையான வெள்ளை அழிரப்பரால் பற்களை மெல்லத் தேய்த்தேன். மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் ஆகாது. அது பொன்பூச்சையே சுரண்டிவிடும். தூளைத் தூரிகையால் துடைத்து, 'கிளிக்' என்று ஒலி கேட்கும்வரை மீண்டும் பொருத்தினேன்.

திரை ஒளிர்ந்தது. ஐந்து ரூபாய் ரப்பர்!

ஆனால் அத்துடன் தீரவில்லை. விண்டோஸ் 7 பாதியில் நின்று திரும்பத் திரும்பத் தொடங்கிக்கொண்டிருந்தது. மீண்டும் அதே கடைக்குப் போனேன். அறியாமைதான், வேறென்ன சொல்ல? "ஃபார்மேட் போட்டுப் புது விண்டோஸ் ஏத்தித் தர்றேன், ஐந்நூறு. உள்ளே இருக்கிறது எல்லாம் போயிடும்" என்றார். சரி என்று தலையாட்ட இருந்தேன். அப்பத்தாவின் ஒப்பாரி ஐந்நூறு ரூபாயில் அழிந்துபோக இருந்தது என்பதை எண்ணினால் இன்றும் உள்ளங்கை வியர்க்கிறது. அவர் ஏற்றித் தருவதாகச் சொன்னதும் திருட்டுப் பிரதிதான். பூட்டை உடைத்த மென்பொருளோடு என்னென்ன நச்சுநிரல்கள் ஒட்டிக்கொண்டு வருமென்பதை உடைத்தவனைத் தவிர வேறு யார் அறிவார்?

கணிப்பொறியியல் மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவர் வழியில் மடக்கி, தம் சட்டைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துக் கொடுத்தார். அதில் லுபுண்டு என்னும் லினக்ஸ் இருந்தது. கணிப்பொறியைத் தொடங்குகையில் எஃப்12 போன்றதொரு விசையை அழுத்தி (கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும்), பென் டிரைவிலிருந்து தொடங்கும்படி சொல்லவேண்டும். அப்போது இயங்குதளம் பென் டிரைவையும் நினைவகத்தையும் கொண்டே ஓடும். நாம் சொன்னாலொழிய வன்தட்டில் ஓர் எழுத்தையும் மாற்றாது. வீட்டுக்காரர் மயங்கிக் கிடக்கையில், அண்டை வீட்டார் தம் விளக்கை ஏந்தி உள்ளே வந்து வேண்டிய பொருளை எடுத்துத் தருவது போன்றது அது. இப்போதைய விண்டோஸ் 11 கணிப்பொறிகள் பலவற்றில் வன்தட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். அவற்றில் மீட்புச்சாவி கையிலில்லாமல் இந்த வழி பலிக்காது. ஆதலால் புதுக் கணிப்பொறி வைத்திருப்போர் அந்தச் சாவியை இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

கோப்புறைகள் தெரிந்தன. வன்தட்டோ 'டிக், டிக்' என்று முனகியது. அப்படி ஒலித்தால் வேறெதுவும் செய்யாமல் முதலில் நகலெடுக்கவேண்டும் என்றார் அண்ணன். நாற்பது நிமிடம் நகலெடுத்தோம். ஒப்பாரிக் கோப்பு டபிள்யூ.எம்.ஏ. வகையைச் சேர்ந்தது. என் கைப்பேசி அதைப் பாட மறுத்தது. லுபுண்டுவில் இருந்த வி.எல்.சி. மறுக்கவில்லை. ஒலிக்கோப்புகளை அவிழ்க்கும் நிரல்களைத் தன்னோடே சுமந்துவருவது அது. எக்கோல் சென்ட்ரால் பாரி கல்லூரி மாணவர்கள் 1996-இல் செய்யத் தொடங்கிய படிப்புத் திட்டம் அது என்றும், 2001-இல் எல்லோருக்கும் பொதுவாக்கப்பட்டது என்றும் பிறகு படித்தறிந்தேன். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை அறிவித்தபோது ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர், வயது 21. என்னைவிட ஒரே ஒரு வயது மூத்தவர்! நானோ அந்த வயதின் வாயிலில் நின்றுகொண்டு அழிரப்பருக்கு மகிழ்கிறேன்.

இவற்றை வெறும் இலவசம் என்று சொல்வது பொருந்தாது. 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தபோது அவர் கேட்டது விலைக்கழிவு அன்று. நிரலைப் படிக்கவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமை. கட்டற்ற மென்பொருள் என்று தமிழில் வழங்குவது எவ்வளவு பொருத்தம்! அண்ணன் எனக்குத் தந்த பென் டிரைவை நான் மூவருக்கு நகலெடுத்துத் தந்துவிட்டேன், யாரும் திருடர்களாகவில்லை. புதிதாகச் செய்ய விரும்புவோர் ரூபஸ் என்னும் சிறு நிரலைக் கொண்டு செய்யலாம். அது பென் டிரைவில் முன்பிருந்ததை அழித்துவிடும் என்பதை மறவாதீர்கள். நான் மறந்தேன், என் முதல் பருவக் குறிப்புகள் போயின.

விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இலும் நின்றுவிட்டன. பழைய கணிப்பொறிகள் பலவும் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறுவதில்லை. எனவே எங்கள் பரண் கணிப்பொறியில் வன்தட்டை மாற்றி லுபுண்டுவையே நிறுவிவிட்டேன். இந்தக் கட்டுரையை அதில்தான், லிப்ரே ஆபீசில், தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சிட்டேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி உருவான முறை அது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்களில் பெரும்பாலானவை வலக்கைக்கு. 'க'வை இருமுறை அழுத்தினால் முதலாவதற்குப் புள்ளி தானே வந்துவிடும். இரண்டு வாரம் விரல்கள் திண்டாடின. இப்போது பேனாவைவிட வேகமாகப் போகிறது. விண்டோஸ் வைத்திருப்போருக்கு இ-கலப்பை இருக்கிறது. உழவன் மகனுக்கு அந்தப் பெயரே போதும்.

இன்னொன்று, நம் ஆய்வகத்துக்காக. மூன்றாம் வரிசைக் கணிப்பொறி எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்றது' என்று மிரட்டிக்கொண்டிருந்தது அல்லவா? பலரும் வைரஸ் என்று ஒதுங்கினோம். தேதியைப் பாருங்கள் என்றார் அண்ணன். 2009 என்று காட்டியது. உள்ளேயுள்ள காசு அளவுப் பேட்டரி, சிஆர்2032, 3 வோல்ட், தீர்ந்துபோனதால் மின்சாரம் நின்றபோதெல்லாம் கடிகாரம் பின்னோக்கி ஓடிவிட்டது. இணையப் பக்கத்தின் சான்றிதழோ அந்தத் தேதிக்கு இன்னும் பிறக்கவே இல்லை. பேட்டரியை மாற்றினோம். வைரசும் போயிற்று!

பாடலைப் பேராசிரியரிடம் ஒப்படைப்பதற்குமுன் அக்காவுக்குத் தொலைபேசியில் போட்டுக் காட்டினேன். மழை ஓட்டில் விழும் ஒலி முதலில் கேட்டது, பிறகு ஆட்டுக்குட்டியின் குரல், பிறகு அப்பத்தா. ஆறு நிமிடமும் அக்கா ஒன்றும் பேசவில்லை. பாட்டு முடிந்ததும் பதிவு நின்றுவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நிற்கவில்லை. அப்பத்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "போதும்டி ஆத்தா, அதை அமத்து. துணி நனையுது பாரு" என்றாள். அக்கா மறுமுனையில் சிரிக்கத் தொடங்கினாள்.