பத்தாய உள்

எங்கள் வீட்டில் பெரிய படுக்கையறை 14 அடிக்கு 11. சின்னது 10க்கு 9. இரண்டுக்கும் வித்தியாசம் 64 சதுர அடி. அந்த 64க்காக மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்தோம்.

கிளப்பிவிட்டது பெரியவள். அப்போது ஒன்பதாம் வகுப்பு. "நீங்க ரெண்டு பேரும் தூங்கறதுக்கு மட்டும்தானே ரூமுக்குப் போறீங்க? நாங்க படிக்கிறோம், விளையாடறோம், சண்டை போடறோம். எங்களுக்குத்தானே பெரிசு வேணும்?" சண்டையையும் இடம் பிடிக்கும் காரியமாகக் கணக்கில் சேர்த்துக்கொண்ட நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. பதில்தான் வரவில்லை. பணம் கட்டுகிறவன் நான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வீட்டுக் கடன் இன்னும் 11 வருஷம் பாக்கி. அந்த நியாயப்படி பார்த்தால் பெரிய அறை வங்கி மேலாளருக்குத்தான் போக வேண்டும்.

வீடு வாங்கியபோது கொடுத்த பிளானைத் தேடி எடுத்தேன். பெரிய அறைக்குள் 'மாஸ்டர் பெட்ரூம்' என்று அச்சடித்திருந்தது. நமக்குத் தெரிந்த மாஸ்டர்கள் டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், டான்ஸ் மாஸ்டர். இவர்களில் யாருக்கும் 14க்கு 11 அறை இருந்து நான் பார்த்ததில்லை. சொல் அமெரிக்காவிலிருந்து வந்தது. சியர்ஸ் கம்பெனி அங்கே வீட்டையே மரமும் ஆணியுமாகப் பார்சல் கட்டி விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1926ஆம் வருஷத்து கேட்லாக்கில் இந்தப் பெயர் இருக்கிறது. மாஸ்டர் என்றால் அடிமைகளை வைத்திருந்த எஜமானன் நினைவு வருகிறது என்று 2020இல் ஹூஸ்டன் நகரத்து வீட்டுத் தரகர்கள் சங்கம் அதைக் கைவிட்டு 'பிரைமரி' என்று மாற்றிக்கொண்டது. எங்கள் பில்டருக்குச் செய்தி இன்னும் எட்டவில்லை.

சட்டத்தைக் கேட்கலாம் என்றால் அதுவும் உதவவில்லை. வீட்டில் இரண்டு அறை இருந்தால் ஒன்று 9.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, மற்றது 7.5 இருந்தால் போதும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு என்பதை ஒப்புக்கொண்டுவிட்டு, எதில் யார் படுப்பது என்று சொல்லாமல் நழுவிவிடுகிறது.

சொல்ல ஆள் இல்லாமலா? அம்மா இருந்தாள். பெரிய அறை தென்மேற்கில் இருக்கிறது, அதாவது கன்னிமூலை. குடும்பத் தலைவன் படுக்க வேண்டிய இடம் அது. "கன்னிமூலைல புள்ளைங்களப் படுக்க வெச்சா அதுங்க சொல்றதுதாண்டா வீட்ல நடக்கும்" என்றாள்.

"இப்ப மட்டும் யார் சொல்றது நடக்குது அத்தை?" என்றாள் என் மனைவி.

அந்த ஞாயிறு அத்தோடு முடிந்தது.

நம் சாமிகள் எப்படிச் சமாளித்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். மதுரையில் தினமும் இரவு பள்ளியறை பூஜை. சொக்கநாதரின் பாதுகைகள் பல்லக்கில் ஏறி அம்மன் சன்னதியில் இருக்கும் பள்ளியறைக்குப் போகும். அறை அம்மாவுடையது, அப்பா அங்கே போகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு? மூத்தவர் முக்குறுணிப் பிள்ளையார், தெப்பக்குளம் வெட்டியபோது மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தவர். அம்மன் சன்னதிக்கும் சுவாமி சன்னதிக்கும் நடுவே போகிற வழியில் உட்கார்ந்திருக்கிறார். கதவு கிடையாது. சதுர்த்தியன்று 18 படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை கிடைக்கிறது, அறை பற்றி அவர் கேட்கவில்லை போலிருக்கிறது. இளையவருக்குத் திருப்பரங்குன்றத்தில் தனிக்குடித்தனம். சித்திரையில் தெய்வானையோடு வந்து அப்பா அம்மா கல்யாணத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்.

நான் வளர்ந்தது மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில், தாத்தா வீட்டில். திண்ணை, ரேழி, முற்றம், கூடம் எல்லாம் உண்டு. கதவு போட்ட அறைகள் மூன்றுதான். அதில் ஆகப் பெரியதில் யாரும் படுத்ததில்லை. அது நெல்லுடையது. மரப் பத்தாயம் ஒன்று பலகை மேல் பலகையாக உத்தரம் வரைக்கும் எழும்பிப் பாதி அறையை அடைத்துக்கொண்டு நிற்கும். மீதிப் பாதியில் உளுந்து மூட்டை, புளிப்பானை, கல்யாணத்துக்கு மட்டும் வெளியே வரும் பாத்திரங்கள், காலொடிந்த ஒரு நாற்காலி. பத்தாய உள் என்போம். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் உட்பட நாங்கள் பத்துப் பேர், கூடத்தில் வரிசையாகப் பாயில். தனி அறை வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டிருந்தால் உடனே கிடைத்திருக்கும், அந்தச் சொல்லுக்கு இருக்கிற இன்னொரு பொருளில்.

1982 மாசிக் கடைசியில் எனக்குச் சின்னம்மை போட்டது. பாட்டி பத்தாய உள்ளைத் திறந்து, மூட்டைகளை ஓரம் தள்ளி, தரையில் வேப்பிலை பரப்பி, மேலே பழைய வேட்டி ஒன்றை விரித்தாள். "ஆத்தா வந்திருக்கா, அவளுக்கு எடம் வேணும்" என்றாள். இடம் எனக்காக இல்லை. இருந்தாலும் வீட்டின் ஆகப் பெரிய அறை என் கைக்கு வந்துவிட்டது.

முதல் நாள் ராஜாவாக இருந்தேன். உத்தரத்துக் கட்டைகளை எண்ணினேன், பதினேழு. பத்தாயத்தின் அடியில் இருக்கும் சின்னக் கதவை லேசாகத் தூக்கினேன். நெல் சரசரவென்று காலடியில் கொட்டியது. வந்த வழியில் நெல் திரும்பப் போகாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அள்ளிக் கோணிக்கு அடியில் ஒளித்தேன். மூன்றாம் நாள் எண்ணுவதற்கு எதுவும் மிச்சமில்லை. அம்மை வீட்டில் தாளிக்கக் கூடாது, அதனால் கடுகு வெடிக்கும் சத்தம் நின்றுபோய்ச் சாப்பாட்டு வேளை எப்போது என்றே பிடிபடவில்லை. கூடத்தில் நடப்பது எல்லாம் காதால் மட்டும். பல்லாங்குழியில் சோழி விழுவது, யாரோ யாரையோ கிள்ளிவிட்ட அலறல், ராத்திரி பாய் உதறுவது.

விளக்கணைக்கும் முன் பாட்டி தலை எண்ணுவாள். தினப்படி வழக்கம்தான், வரிசையில் படுத்திருந்தவரை நான் காதில் வாங்கியதில்லை. ஒண்ணு, ரெண்டு என்று வந்து ஒன்பதில் குரல் நிற்கும். பிறகு காலடிச் சத்தம். பத்தாய உள் கதவில் ஒரு தட்டு. "பத்து." நான் உள்ளிருந்து திரும்ப ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் விளக்கு அணையும்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, வேண்டுமென்றே தட்டாமல் இருந்தேன். "பத்து" என்றாள் மறுபடி. மூச்சுவிடாமல் கிடந்தேன். கதவு திறந்தது. கைவிளக்கைத் தூக்கிப் பிடித்து என் முகத்தைப் பார்த்தாள். "அகம்பாவம் புடிச்ச கழுதை" என்று சொல்லிவிட்டு, அம்மைக்காரன் பக்கத்தில் யாரும் படுக்கக் கூடாது, நிலைப்படியில் தலை வைக்கக் கூடாது என்று அவளே போட்டிருந்த சட்டம் இரண்டையும் மீறி, நிலைப்படியில் தலை வைத்து அங்கேயே படுத்துவிட்டாள். அன்று அவள் குறட்டையை எண்ணிக்கொண்டே தூங்கிப்போனேன்.

பதினோராம் நாள் மூன்றாம் தண்ணீர் ஊற்றிக் கூடத்துக்கு அனுப்பினார்கள். சுவரோரம் இருந்த என் இடத்தில் பெரியப்பா மகன் பாயை நகர்த்திப் போட்டிருந்தான். மீட்க நாலு நாள் ஆயிற்று.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை இதைப் பெண்களிடம் சொன்னேன். பெரிய அறையில் பிரமாதமாக ஒன்றும் இல்லை என்று அவர்களுக்கு உறைக்கும் என்பது என் கணக்கு. சின்னவள், "பதினோரு நாள் ஸ்கூலே கிடையாதா?" என்று கேட்டாள். பெரியவள், "நெல்லுக்கே குடுத்திருக்காங்க, எங்களுக்குக் குடுக்கக் கூடாதாப்பா?" என்றாள். வழக்கு தள்ளுபடி.

அறை மாறி மூன்று வருஷம் ஆகிறது. தப்பான முடிவென்று சொல்ல மாட்டேன். ஆறு வயதுக் குழந்தை ஒன்றுக்கு ஆகப் பெரிய அறையை ஒதுக்கி, சுவரெல்லாம் யானை வரைந்து, ராத்திரியானதும் அது அம்மா பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்வதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற நண்பர்களை அறிவேன். அது வேண்டாத செலவு. வளர்கிற பிள்ளைகள் இரண்டு பேர் ஓர் அறையில் என்றால் கதை வேறு. நடுவில் ஒரு கோடு கிழித்துக்கொள்ள அவர்களுக்கு இடம் வேண்டும். எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த கோடு என்றைக்கோ அழிந்துவிட்டது. 10க்கு 9இல் கட்டில் போட்டது போக நடக்க இரண்டடி மிச்சம், அதில் யாராவது ஒருவர்தான் நடக்கிறோம். ஏசி பெரிய அறையில் இருப்பதால் கத்திரி வெயில் நாட்களில் அம்மா உட்பட எல்லோரும் அங்கே தரையில் வரிசையாகப் படுக்கிறோம், முன் அனுமதி பெற்று.

பீரோதான் சின்ன அறைக்குள் அடங்கவில்லை. மாமனார் கொடுத்தது, ஆறரை அடி உயரம். உள்ளே வைத்தால் அறைக் கதவு பாதிதான் திறக்கும். அதனால் என் சட்டைகள் பெரிய அறையிலேயே தங்கிவிட்டன. காலை ஏழரை மணிக்குப் போய் ஒரு தட்டுத் தட்டுகிறேன். உள்ளிருந்து ஒரு தட்டு வந்தால் போகலாம்.