அச்சு முறிந்த இடம்

அச்சரப்பாக்கம் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு விண்வெளி விபத்து இருக்கிறது. திரிபுரம் என்பது ஆகாயத்தில் திரிந்த மூன்று கோட்டைகள். பொன்னில் ஒன்று, வெள்ளியில் ஒன்று, இரும்பில் ஒன்று. அவற்றை எரிக்கச் சிவன் புறப்படுகிறார். பூமி தேர், சூரியனும் சந்திரனும் சக்கரங்கள், வேதங்கள் குதிரைகள், பிரம்மா சாரதி. பிள்ளையாரிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியதால் இந்த இடத்தில் தேரின் அச்சு முறிந்துபோயிற்று. அச்சு இற்ற பாக்கம், அச்சிறுபாக்கம். எங்கள் வாயில் அச்சரப்பாக்கம். ஊர்ப்பெயர் ஆராய்கிறவர்கள் இதை ஒப்புவார்களா என்பது வேறு விஷயம். ஆட்சிபுரீஸ்வரர் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு ஸ்தல புராணம் இதைத்தான் சொல்கிறது. சம்பந்தர் பாடிய ஸ்தலம்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அதன் தோல்வி. திரிபுரம் எரிந்த பெருமை பண்ருட்டிப் பக்கத்துத் திருவதிகைக்குப் போய்விட்டது. எங்களுக்குக் கிடைத்தது முறிவு. ஊரும் அதை மறைக்காமல் பெயராகவே வைத்துக்கொண்டிருக்கிறது. சூரியனையும் சந்திரனையும் இணைத்த அச்சு எங்கள் ஊரில் முறிந்தது என்று சொல்லிக்கொள்வதில் ஒருவிதக் கம்பீரமும் இருக்கத்தான் செய்கிறது.

இங்கிருந்து அதே ரயில் பாதையில் தெற்கே போனால் விழுப்புரம். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் அந்த ஊர்க்காரர். ரயில்வே ஊழியரின் மகன். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6 மணி 4 நிமிஷத்துக்கு விக்ரம் லேண்டர் நிலவின் தென்துருவத்துக்குச் சற்றுத் தள்ளி இறங்கியது. அதற்கு இரண்டு நாள் கழித்து, ஓ.டி. கணக்கில் பணம் கட்ட வந்த நெல் மண்டிக்காரர் ஒருவர் கவுண்டரில் சாய்ந்துகொண்டு சொன்னார்: “எல்லாம் கிராஃபிக்ஸ் சார். அறுபத்தொம்பதுல அமெரிக்காக்காரன் பண்ணதத்தான் இவங்க இப்ப பண்றாங்க.”

அவரைப் பாமரர் என்று தள்ளிவிட முடியாது. அவர் கண் பொய் சொல்லவில்லை. அன்று மாலை தொலைக்காட்சியில் நாம் எல்லோரும் பார்த்தது கிராஃபிக்ஸ்தான். லேண்டர் அனுப்பிய எண்களை வைத்துக் கணினி வரைந்த ஒரு கோடும் ஒரு பொம்மைக் கலமும். பக்கத்தில் நின்று படம் எடுக்க அங்கே யாரும் இல்லை. 1969 ஜூலை 20 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சிகளும் இறங்கும் தருணத்துக்கு மாதிரிகளையும் சித்திரங்களையும்தான் காட்டின. ஆர்ம்ஸ்ட்ராங் ஏணியில் இறங்குகையில்தான் வெளிப்புறக் காமிரா விரிந்து இயங்கத் தொடங்கியது. நிரூபணமும் காட்சியும் ஒன்று என்று பழக்கப்பட்டுவிட்ட ஜனங்களுக்கு, காட்சி இல்லாத இடத்தில் சித்திரத்தைப் போட்டுவிட்டு, பிறகு ஏன் சந்தேகப்படுகிறாய் என்று கேட்பது நியாயமில்லை.

நம்புகிறவர்களும் இதில் சளைத்தவர்கள் அல்ல. ரோவரின் சக்கரம் நிலவுத் தரையில் தேசியச் சின்னத்தைப் பதித்தது என்று ஒரு படம் அந்த வாரம் கைக்குக் கை போயிற்று. சக்கரத்தில் சின்னம் செதுக்கப்பட்டிருந்தது உண்மை. படம் மட்டும் ஒரு ஓவியர் கணினியில் செய்தது. ஆக அந்த வாரம் நான் கண்ணால் கண்ட போலிப் படம் பக்தியிலிருந்து வந்ததுதான்.

சந்தேகத்தின் மூலபுருஷர் பில் கேஸிங் என்ற அமெரிக்கர். என்னைப் போலவே ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. ராக்கெட் எஞ்சின் செய்த ராக்கெட்டைன் கம்பெனியில் தொழில்நுட்பப் பிரசுரங்களை எழுதும் பிரிவில் இருந்து, 1963-ல் விலகியவர். சிக்கனமாக வாழ்வது பற்றியெல்லாம் புத்தகம் எழுதியிருக்கிறார். 1976-ல், நாம் நிலவுக்குப் போகவே இல்லை, அது முப்பது பில்லியன் டாலர் மோசடி என்று ஒரு புத்தகத்தைச் சொந்தமாக அச்சிட்டு வெளியிட்டார். அதிகார நிறுவனங்களுக்கு எதிராக, கைக்காசில், சில பேருக்காக. சிறுபத்திரிகைக்காரனுக்கு இந்த முகவரி அந்நியமாக இருக்க முடியாது. வியட்நாமும் வாட்டர்கேட்டும் தம் அரசாங்கத்தை நம்பும் பழக்கத்தை அமெரிக்கர்களிடமிருந்து பறித்த காலம் அது. அந்தப் பின்னணியை விட்டுவிட்டு கேஸிங்கைக் கேலி செய்வதும் மேம்போக்குத்தான். 1999-ல் காலப் நிறுவனம் கேட்டபோது நூற்றுக்கு ஆறு அமெரிக்கர்கள் நிலவிறக்கம் நாடகம் என்றார்கள்.

அவருக்குப் பின் வந்தவர்களின் முறை எனக்குக் கல்லூரி வகுப்பை நினைவுபடுத்துகிறது. ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் கவிஞனின் பெயரை மறைத்துக் கவிதையை மட்டும் மாணவர்களிடம் கொடுத்து எழுதச் சொன்னார். இவர்கள் புகைப்படத்தை அப்படி எடுத்துக்கொள்கிறார்கள். காற்றில்லாத இடத்தில் கொடி ஏன் விரிந்து நிற்கிறது? வானத்தில் நட்சத்திரம் ஏன் இல்லை? நிழல்கள் ஏன் வெவ்வேறு திசையில் விழுகின்றன? கொடியின் மேல் விளிம்பில் ஒரு குறுக்குத் தண்டு உண்டு. வெயிலில் வெள்ளை உடைக்கு ஏற்பக் காமிராவைத் திறந்தால் நட்சத்திரம் பதியாது. மேடுபள்ளத்தில் விழும் நிழல் நேராக இருக்காது. இவ்வளவுதான். பதில்கள் சலிப்பூட்டுபவை, கேள்விகள் ரசமானவை. அதனால் கேள்விகளே நிற்கின்றன.

வங்கிக்காரனுக்கு மோசடி வேறு விதமாகத் தெரியும். நான் பார்த்தவரை, போலிக் கணக்கு ஒரு பைசா பிசகாமல் டேலி ஆகும். நேர்மையான கிளையில்தான் மாலையில் பத்து ரூபாய் ஷார்ட், ஒரு வவுச்சரைக் காணோம், ஒரு கையெழுத்து கோணல். அப்போலோ 11-ன் மூலப் பதிவு நாடாக்களை அழித்து மறுபடி உபயோகித்துவிட்டோம் என்று நாஸா 2009-ல் ஒப்புக்கொண்டபோது சந்தேகக்காரர்கள் துள்ளிக் குதித்தார்கள். எனக்கோ அதுதான் அசல் ஆபீஸின் வாசனையாகப் பட்டது. நாடகம் போடுகிறவன் 1970-ல் அப்போலோ 13-ஐ நடுவழியில் பழுதாக்கி, மூன்று பேரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்ப வைப்பானா? இஸ்ரோ நாடகம் போடுவதானால் 2019 செப்டம்பரில் சந்திரயான்-2-ன் லேண்டர், தரைக்கு 2 கிலோமீட்டர் உயரத்தில் தொடர்பு அறுந்து விழுந்ததை எந்த அங்கத்தில் சேர்ப்பது? அன்று உலகமே பார்த்துக்கொண்டிருந்தது.

இன்னொன்று, தணிக்கை. எங்கள் கிளையின் கணக்கை எங்கள் நண்பர் வந்து பார்த்தால் அதற்கு மதிப்பில்லை. அமெரிக்காவின் கணக்கைப் பார்த்தது சோவியத் ரஷ்யா. அப்போலோ 11 நிலவில் நின்றுகொண்டிருந்தபோதே லூனா-15 என்ற தன் கலத்தை அங்கே அனுப்பி, மோதி இழந்த நாடு அது. பொய் என்று ஒரு வார்த்தை சொல்ல எல்லாக் காரணமும் இருந்தும் சொல்லவில்லை. ஆறு முறை இறங்கி, பன்னிரண்டு பேர் 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள். ரஷ்யா 1970-ல் ஆளில்லாக் கலத்தால் நூறு கிராம் சொச்சம் கொண்டுவந்தது. நம் சந்திரயான்-2 நிலவைச் சுற்றியபடி அப்போலோ 11 விட்டுவந்த அடிப்பகுதியைப் படம் எடுத்திருக்கிறது. நாஸாவின் சுற்றுக்கலம் 2023 டிசம்பரில் விக்ரம் மேல் லேசர் ஒளியை எறிந்து, எதிரொளியைத் திரும்பப் பிடித்தது. ஒருவர் லெட்ஜரை ஒருவர் சரிபார்த்தாயிற்று.

இதையெல்லாம் மண்டிக்காரரிடம் சொன்னேன். அன்று கூட்டம் இல்லை. பொறுமையாகக் கேட்டவர், “அப்படின்னா, போனவன் அம்பது வருஷமா ஏன் சார் மறுபடி போகல?” என்றார். நிலவைப் பற்றி அவர் கேட்ட முதல் நல்ல கேள்வி அது. முந்தையதெல்லாம் படத்தைப் பற்றியது. அப்போலோ 18, 19, 20 மூன்றையும் 1970-லேயே ரத்து செய்துவிட்டார்கள் என்றேன். ரஷ்யாவை ஜெயித்தாயிற்று, பணம் போதும் என்று அமெரிக்கப் பாராளுமன்றம் கையை விரித்துவிட்டது. பறக்கத் தகுதி பெற்ற சாட்டர்ன் ராக்கெட்டின் அடுக்குகள் ஹூஸ்டனில் புல்தரையில் படுக்கப் போட்டு, வெயிலிலும் மழையிலும் வருஷக் கணக்காகக் கிடந்தன. “அப்ப அவ்ளோ செலவும் வீணுதானே சார்?” என்றார்.

இந்தக் கேள்விக்கு வந்து சேரத்தான் இவ்வளவு சுற்று. நடந்தது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அதன் மதிப்பு என்ன என்ற விவகாரமே தொடங்குகிறது. நடக்கவே இல்லை என்பவன் அந்தச் சுமையிலிருந்து தப்பித்துக்கொள்கிறான். ஆடன் 1969-ல் நிலவிறக்கம் பற்றி ஒரு கவிதை எழுதினார். துளியும் வியக்கவில்லை. ஆண்பிள்ளைத்தனத்தின் வெற்றிக் கூச்சலாகவே அதைப் பார்த்தார். தன் நிலவு இன்னும் கறைபடவில்லை என்று ஆறுதல் பட்டுக்கொண்டார். அவர் மறுத்தது சம்பவத்தை அல்ல, அதன் பெருமையை. விமர்சகனின் மறுப்பு அந்த ஜாதி.

என் ஆயாவின் அவநம்பிக்கை இரண்டிலும் சேராது. ரேடியோவில் செய்தி வந்த காலத்தில் அவள் கேட்டதாக வீட்டில் சொல்வார்கள், நான் சிறுவனாக இருந்தபோது என்னிடமும் கேட்டிருக்கிறாள்: “அமாவாசையன்னிக்கு எங்கடா நிப்பானுங்க?” நிலவு அவளுக்கு நாள்காட்டி, விரதம், வயலுக்குப் போகும் வெளிச்சம். பிள்ளைத்தமிழின் அம்புலிப் பருவத்தில் சாம தான பேத தண்டம் நான்கும் காட்டி, குழந்தையோடு விளையாட நிலவை வரச்சொல்லி மிரட்டும் மரபின் கடைசிக் கண்ணி அவள். இதை வைத்து அவளை ஞானியாக்க நான் தயாரில்லை. கிரகணத்தைப் பாம்பு விழுங்குகிறது என்றும் அவள் நம்பினாள். ஆனால் அவள் கேள்வி நிலவைப் பார்த்துக் கேட்டது. கைப்பேசியில் வீடியோ பார்த்துச் சந்தேகப்படுகிறவர்களில் எத்தனை பேருக்கு இன்று என்ன திதி என்று தெரியும்?

நம் வட்டத்துக்குள்ளும் இந்த நோய் இருக்கிறது என்பதைச் சொல்லாவிட்டால் இதை இந்தப் பத்திரிகையில் எழுதியே இருக்க வேண்டாம். ஒரு புத்தகத்துக்குப் பரிசு கிடைத்தால் ஆள் பிடித்தான் என்கிறோம். பரிசு கிடைக்காவிட்டால் அதையே தகுதியாக்குகிறோம். விற்றால் வியாபாரம், விற்காவிட்டால் தவம். மொழிபெயர்ப்பு வந்தால் வெளிநாட்டுத் தொடர்பு. இவற்றில் சில சமயம் உண்மையும் இருக்கலாம். ஆனால் இவ்வளவையும் புத்தகத்தைத் திறக்காமலே சொல்லிவிட முடிகிறது. அந்த நாவலின் நூறாவது பக்கத்தில் மொழி ஏன் தளர்கிறது என்று சொல்வதற்கு நூறு பக்கம் படித்தாக வேண்டும். ‘எல்லாம் செட்-அப்’ என்பதற்கு ஒரு டீ போதும். சென்ற வருஷம் ஒரு கூட்டத்தில் நண்பர் ஒருவரிடம் கேட்டேன்: உங்கள் சந்தேகம் தவறு என்று எதைக் காட்டினால் ஒப்புவீர்கள்? எதைக் காட்டினாலும் அதுவும் ஏற்பாடுதான் என்றார் சிரித்துக்கொண்டு. கேஸிங்காவது ஒரு புத்தகம் எழுதினார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, போலி நிலவு ஒன்று உண்மையிலேயே இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு மண் போனது நம் நாமக்கல் மாவட்டத்திலிருந்து. சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களில் அனார்த்தோசைட் என்ற வெளிர்ந்த பாறை உண்டு; ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழசு. நிலவின் மேட்டு நிலங்களும் அந்தப் பாறையால் ஆனவைதான். லேண்டரையும் ரோவரையும் சோதிக்க நிலவு மண் டன் கணக்கில் வேண்டியிருந்தபோது, அமெரிக்காவிலிருந்து மாதிரி மண் வாங்கினால் கட்டுப்படியாகாது என்று இஸ்ரோ இங்கே தேடியது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துப் புவியியல்காரர்கள் இடம் காட்டினார்கள். பாறையை வெட்டி, சேலத்துக் கிரஷர்களில் பொடியாக அரைத்து, ஏறத்தாழ 50 டன் பெங்களூருக்குப் போயிற்று. உதவியவர்கள் அதற்குக் கூலி வாங்கவில்லை என்று மயில்சாமி அண்ணாதுரை சொல்லியிருக்கிறார். அங்கே ஒரு கூடத்தில் அந்த மண்ணைப் பரப்பிப் பள்ளமும் மேடும் செய்தார்கள். நிலவில் சூரிய ஒளி விழும் விதத்தில் விளக்குப் போட்டார்கள். நிலவில் எடை ஆறில் ஒரு பங்குதானே, அதற்காக ரோவரை ஹீலியம் பலூனில் கட்டி, எடையைக் குறைத்து ஓட்டிப் பார்த்தார்கள். சந்தேகக்காரர்கள் ஐம்பது வருஷமாகத் தேடிய செட் இதுதான்: விளக்கு, மண், கயிறு எல்லாம் இருக்கிறது. செய்முறைக்கு இஸ்ரோ 2020-ல் காப்புரிமையும் வாங்கிவிட்டது. அந்த மண்ணில் அத்தனை ஒத்திகை பார்த்தும் 2019-ல் விழுந்தது. அதே மண்ணில் மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள்.