அத்தானின் கம்ப்யூட்டர்

சிங்கப்பூர் போய் வருகிறவன் என்ன கொண்டு வரவேண்டும் என்பதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு ஜாபிதா உண்டு. கோடாலித் தைலம், சாக்லேட், மினுமினுக்கிற சேலை ஒன்றிரண்டு. இவற்றுக்கு மேல் எதையும் யாரும் எதிர்பார்ப்பதில்லை. நான் 2018-ஆம் வருஷம் அங்கிருந்து சேவுகம்பட்டிக்குக் கொண்டு வந்து சேர்த்தது பதினைந்து வயதான ஒரு மேஜைக் கம்ப்யூட்டர். திண்ணையில் இருந்த பெரியவர் ஒருவர் அட்டைப் பெட்டியைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் செய்துவிட்டு, "இது வத்தலக்குண்டிலேயே புதுசாக் கிடைக்குமே, தம்பி!" என்றார். கிடைக்கும்தான். அதில் என்ன சந்தேகம்?

அத்தான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். சிம் லிம் ஸ்குயர் என்று அங்கே ஒரு கட்டடம். மாடி மாடியாகக் கம்ப்யூட்டர் கடைகள். 2003-இல் ஒவ்வொரு சாமானாக அங்கே விலை பேசி வாங்கி, இந்த யந்திரத்தைப் பூட்டிக்கொண்டார். கணக்கு எழுதவும் இல்லை, சீட்டாடவும் இல்லை. சேவுகம்பட்டியில் அவருடைய தாயார் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் சில ஒலிநாடாக்களில் இருந்தன. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அவற்றைப் போட்டுப் போட்டுக் கேட்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பத்து வருஷம் எழுதினார். நாடாக்கள் பூசணம் பூத்துப் போயின. 2017-இல் அத்தானும் போய்விட்டார். மறு வருஷம் அக்கா, "போதும்ப்பா, ஊருக்கே வந்துர்றேன்" என்றாள். அவளை அழைத்து வரத்தான் நான் போனேன்.

என் மருமகன் அங்கேயே பிறந்து வளர்ந்த பையன், காரியவாதி. "மாமா, இவ்வளவு பெரிய பொட்டியை யார் தூக்குவா? பாட்டெல்லாம் இந்த டிஸ்க்லதான் இருக்கு. நகல் எடுத்துக் கொடுத்துடறேன்" என்றான். உள்ளங்கை அளவு சாமான் அது. நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. நகலைத் தன் மடிக்கணினியில் திறந்து காட்டினான். திரை நிறைய ஐரோப்பிய எழுத்துக்கள்; ஒவ்வொன்றின் தலையிலும் கொம்பும் புள்ளியும் முளைத்திருந்தன. தமிழைக் காணோம்.

இதற்குக் காரணம் உண்டு. கம்ப்யூட்டரில் தமிழ் எழுத ஆரம்பித்த காலத்தில் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியபடி எழுத்துரு செய்துகொண்டார்கள். ஒருவர் 'க' வைத்த இடத்தில் இன்னொருவர் 'ஞ' வைத்தார். 1999-இல் சென்னையில் மாநாடு கூட்டி, டாம், டாப் என்று குறியீடுகளையும் ஒரு விசைப்பலகை அமைப்பையும் வகுத்தார்கள். பிறகு யூனிகோடு புழக்கத்துக்கு வந்தது. 2010-இல் தமிழ்நாட்டு அரசாங்கமும் அதை ஏற்றுக்கொண்டது. அத்தான் இந்த வைபவங்கள் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. யாரோ சிநேகிதர் கொடுத்த பழைய எழுத்துருவிலேயே கடைசி வரையில் தட்டினார். அந்த எழுத்துரு இருந்த யந்திரத்தில்தான் பாட்டுக்கள் தமிழாகத் தெரிந்தன.

"அதான் சொல்றேன், பொட்டியோடதான் வரணும்" என்றாள் அக்கா.

மேஜைக் கம்ப்யூட்டரை ஆகாய விமானத்தில் கொண்டு வருவது அவ்வளவு சுலபம் அல்ல. விமானப் பிரயாணத்தில் சாமான் படும் பாட்டை நினைக்கும்போதெல்லாம் எங்கள் ஊர்ப் பெருமாள் கோவிலில் தை மாதம் வாழைப்பழத்தைச் சூறை விடுவார்களே, அதுதான் என் ஞாபகத்துக்கு வருகிறது. பெட்டி தலைகீழாக விழும் என்று வைத்துக்கொண்டேதான் கட்டவேண்டும். மருமகன் முதலில் டிஸ்க்கைக் கழற்றிக் கைப்பைக்கு மாற்றினான். யந்திரத்தின் மூளை மேல் ஒரு அலுமினியப் பாளமும் விசிறியும் நிற்கும். குலுங்கினால் அந்தக் கனமே பலகையைப் பிளந்துவிடுமாம். அதையும் கழற்றித் தனியாகச் சுற்றினான். உள்ளே இருந்த வெற்றிடம் முழுவதும் அக்காவின் பழைய நூல் சேலைகளைத் திணித்தோம். திரைக்கு ஒரு பெட்டி, யந்திரத்துக்கு ஒரு பெட்டி. 1955-இல் கல்கத்தாவில் புள்ளியியல் நிறுவனத்துக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு கம்ப்யூட்டரைத் தருவித்து ஓட்டினார்களே, அதைக் கட்டி அனுப்பியவர்கள் கூட இவ்வளவு சேலைகளை உபயோகித்திருக்க மாட்டார்கள்.

அக்காவுக்கு வேறு பயம். "அந்த எக்ஸ்ரேக்குள்ள போனா பாட்டெல்லாம் அழிஞ்சிருமாமே?" டிஸ்க்கில் எழுத்து பதிவது காந்தத்தால், எக்ஸ்ரே அதை ஒன்றும் செய்யாது. இதை நான் மூன்று முறை சொன்னேன். அவள் நம்பவில்லை. கைப்பை யந்திரத்துக்குள் போய் மறு பக்கம் வரும் வரையில் முருகனை வேண்டிக்கொண்டு நின்றாள்.

அதற்கு முந்தின ராத்திரி நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு முப்பது கிலோ அனுமதி. எடை போட்டுப் பார்த்தால் இரண்டு கிலோ அதிகம். அக்கா தூங்கிவிட்டாள். எதைக் குறைப்பது? கோடாலித் தைலம் இரண்டு டஜன் இருந்தது. ஊரில் யார் யாருக்கு என்று பெயர் எழுதி வைத்தாயிற்று. அதில் கை வைக்க மனம் வரவில்லை. கம்ப்யூட்டரின் ஒலிபெருக்கிகளும் கீபோர்டும் கண்ணில் பட்டன. கீபோர்டு கனமான பழைய சாமான். பாதி எழுத்துக்கள் தேய்ந்திருந்தன. அத்தான் ஒட்டியிருந்த தமிழ் எழுத்துச் சீட்டுகளும் ஓரங்களில் சுருண்டு அழுக்கேறிக் கிடந்தன. இது எங்கேயும் ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்குமே என்று எண்ணினேன். அந்த அடுக்குமாடி வீடுகளில் குப்பை போட ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். கதவைத் திறந்து போட்டால் சாமான் கீழ்த்தளத்துக்குப் போய்விடும். ஒலிபெருக்கிகள் ஒவ்வொன்றாகப் போயின. கீபோர்டு கொஞ்சம் சண்டித்தனம் செய்தது. சாய்த்துப் பிடித்துத் தள்ளினேன். விழுந்த சத்தம் நெடுநேரம் கேட்டது போல் இருந்தது.

மதுரையில் இறங்கினதும் சுங்கத்தில் நிறுத்தினார்கள். அப்போது அமலில் இருந்த 2016-ஆம் வருஷத்து விதிகளின்படி, பதினெட்டு வயது நிரம்பியவர் மடிக்கணினி ஒன்றை வரியில்லாமல் கொண்டு வரலாம். மேஜைக் கம்ப்யூட்டருக்கு அந்தத் தனிச் சலுகை இல்லை. ஐம்பதாயிரம் ரூபாய்ப் பொதுச் சலுகைக்குள்தான் அடங்கவேண்டும். எங்கள் கிழட்டு யந்திரம் அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கு கூடப் பெறாது. தகராறு திரையைப் பற்றியதுதான். தட்டையான டெலிவிஷனுக்கு 2013 முதல் சலுகையே கிடையாது. "இது டி.வி.தானே சார்?" என்றார் அதிகாரி. பெட்டியைப் பிரித்து, பின்னால் ஆண்டெனா செருகும் துவாரம் இல்லாததைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, சேலைகளையும் பார்த்துவிட்டு, "இவ்வளவு பழசையா கொண்டு வர்றீங்க?" என்று கேட்டார். பதிலை அக்கா சொன்னாள். "எங்க வீட்டுக்காரரு தட்டினதுங்க." அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் எங்களைப் போகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் வத்தலக்குண்டிலிருந்து ஒரு பையனை வரவழைத்தேன். சிங்கப்பூர்ச் செருகி சதுரக் கால்கள் கொண்டது. நம் ஊருக்கு உருண்டைக் கால்கள் வேண்டும். கம்பியை மாற்றினான். கழற்றினவற்றைப் பூட்டினான். உயிர் வரவில்லை. உள்ளேயிருந்து ஒரு சின்னப் பலகையை உருவி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரப்பரால் அதன் விளிம்பைத் தேய்த்து, மறுபடி அழுத்தினான். விசிறி சுழன்றது. அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள்.

திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுந்தது. பையன் படித்துச் சிரித்தான். "கீபோர்டைக் காணோமாம், மேலே போக எஃப்-ஒண்ணை அமுக்கணுமாம். கீபோர்டே இல்லாம எதை அமுக்கறது?"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். "அத எங்கப்பா?"

நாவல்களில் எத்தனையோ பாத்திரங்களைக் கூசாமல் பொய் பேச வைத்தவன் நான். "மறந்துட்டேன்க்கா. அங்கேயே இருக்கு, பத்திரமா" என்றேன்.

"பாட்டக் கூட நீ யார்கிட்டயாவது படிச்சுச் சொல்லச் சொல்லலாம். அவரு விரல் பட்டது அதுலதானேப்பா" என்றாள். பிறகு, கோபமே இல்லாமல், "ராத்திரி டக்கு டக்குன்னு கேக்கும். அது நின்னாத்தான் எனக்கு முழிப்பு வரும்" என்றாள்.

பையன் கடையிலிருந்து வேறு ஒன்று கொண்டு வந்து செருகினான். பாட்டுக்கள் தமிழாகவே வந்தன, நூற்றுச் சொச்சம். அவன் அவற்றைத் தன் பென் டிரைவில் எடுத்துப் போய், எழுத்து மாற்றும் ஏதோ ஒரு புரோகிராமில் போட்டு, பத்தே நிமிஷத்தில் யூனிகோடாக்கிக் கொண்டு வந்து நீட்டினான். இப்போது அவை என் கைபேசியிலும் இருக்கின்றன. பெட்டியையே கொண்டு வந்திருக்க வேண்டியதில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மருமகனிடம் ரகசியமாக விஷயத்தைச் சொன்னேன். அவனும் என் பொய்க்கு உடந்தையாகி, "அடுத்த தடவை கொண்டு வர்றேன்மா" என்று போனில் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்து போய்விட்டான். ஒவ்வொரு தடவையும் அக்கா அவன் பெட்டியைத் தானே பிரிப்பாள், சாமான்களை ஒவ்வொன்றாக வெளியில் எடுத்து வைப்பாள், ஒன்றும் கேட்கமாட்டாள்.

அக்கா நான் எழுதுகிறதை எல்லாம் படிக்கிறவள். இந்தப் பத்திரிகை வியாழக்கிழமை வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக் கடைக்கு வந்துவிடும். வெள்ளிக்கிழமை காலையில் அவள் கைக்குப் போய்விடும். நான் சனிக்கிழமை சேவுகம்பட்டிக்குப் போகிறேன்.