ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

உங்கள் சுண்டு விரலைப் பற்றிக் கடைசியாக எப்போது நினைத்தீர்கள்? பஸ்ஸில் தொங்கும்போதுகூட அது தன்பாட்டுக்கு ஒரு ஓரமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும். இன்கிரிமென்ட் கேட்காது. லீவு போடாது. ஆபீஸில் இப்படி ஒருத்தர் இருந்தால் ரிட்டயர்மென்ட் அன்றைக்கு மாலையைப் போட்டுவிட்டு, "சார் எந்த செக்‌ஷன்ல இருந்தீங்க?" என்று விசாரிப்போம்.

நான் என் இடது கைச் சுண்டு விரலை ஆறு மாதம் ராப்பகலாக நினைத்துக்கொண்டிருந்தேன். வீடு மாற்றும்போது பீரோ கண்ணாடி உடைந்து மணிக்கட்டின் உள்பக்கத்தை வெட்டிவிட்டது. ரத்தம் நின்றது. விரலும் இருந்தது. ஆனால் அது என்னுடையதாக இல்லை! சுண்டு விரலும் மோதிர விரலில் பாதியும் (சரியாகப் பாதி, யாரோ ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி) மரத்துப்போய்விட்டன. காபி டம்ளர் அந்தப் பக்கம் பட்டால் சுடாது. மனைவி "ஐயோ, கை சிவந்துபோச்சுங்க!" என்று கத்தின பிறகுதான் கையை எடுப்பேன்.

மைக்ராஸ்கோப் வைத்து நரம்பைத் தைத்த டாக்டர் அதிகம் பேசாதவர்.

"எப்ப சார் உணர்ச்சி வரும்?"

"ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்."

அவ்வளவுதான். அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிட்டுவிட்டார்.

நான் பி.காம். ஒரு எண்ணைக் கொடுத்தால் எனக்குப் போதும். வீட்டுக்கு வந்து ஸ்கேலை வைத்து அளந்தேன். வெட்டு விழுந்த இடத்திலிருந்து விரல் நுனி வரை 16 சென்டிமீட்டர். அதாவது 160 நாள். வளர ஆரம்பிக்கும் முன் நரம்பு சில வாரம் சும்மா இருக்குமாம், புது ஆபீஸில் சேர்ந்த ஆள் மாதிரி. அதையும் கூட்டினால் ஆறு மாதம் சொச்சம். காலேஜில் டிப்ரிசியேஷனுக்கு ஸ்ட்ரெயிட் லைன் மெத்தட் என்று ஒன்று படித்தது வீண் போகவில்லை. என்ன, இது தலைகீழ். தேய்மானத்துக்குப் பதில் வளர்மானம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. நரம்பு என்பது ஒரு கேபிள். உள்ளே ஆயிரக்கணக்கான இழைகள். ஒவ்வொரு இழைக்கும் ஹெட் ஆபீஸ் தண்டுவடத்திலோ அதன் பக்கத்திலோ இருக்கிறது. வெட்டினால், ஹெட் ஆபீஸோடு தொடர்பு விட்டுப்போன பகுதி அழிந்துவிடும். லண்டனில் அகஸ்டஸ் வாலர் என்கிற டாக்டர் தவளையின் நாக்கை வைத்து 1850-ல் இதைக் காட்டினார். ஹெட் ஆபீஸ் சாவதில்லை. அங்கிருந்து இழை மறுபடி கிளம்புகிறது.

சரி, அறுந்த இரண்டு முனைகளுக்கு நடுவில் ஒன்றுமே இல்லையே, எந்தப் பக்கம் போவது? இதற்கு அழகான பதில் 2015-ல் வந்தது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் அலிஸன் லாய்ட் என்ற பெண்மணியின் குழு எலிகளில் கண்டுபிடித்தது. அந்த இடைவெளியில் ஆக்ஸிஜன் இருக்காது. அங்கே குப்பை பொறுக்க வந்த செல்கள் அதை மோப்பம் பிடித்து, "ரத்தம் அனுப்பு" என்று கெமிக்கலில் தந்தி அடிக்கின்றன. உடனே மெல்லிய ரத்தக் குழாய்கள் குறுக்கே வளர்கின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டு ஷ்வான் செல்கள் என்கிற உதவியாளர்கள் ஊர்ந்து போகிறார்கள். அவர்கள் பின்னால்தான் நரம்பு இழை. ஆக, முதலில் ரோடு, அப்புறம் கேபிள். நம் ஊரில் ரோடு போட்ட மறுநாள் கேபிளுக்காகத் தோண்டுவார்கள். உடம்பில் பிளானிங் பரவாயில்லை.

இதற்காகத் தன் கையையே வெட்டிக்கொண்ட மனிதர் ஒருவர் உண்டு. ஹென்றி ஹெட் என்ற ஆங்கிலேய டாக்டர். 1903-ல் ஒரு சர்ஜனைக் கூப்பிட்டு, தன் இடது கையில் இரண்டு நரம்புகளை வெட்டித் தைக்கச் சொன்னார். பிறகு வார இறுதிகளில் லண்டனிலிருந்து ரயிலேறி கேம்பிரிட்ஜுக்குப் போவார். அங்கே நண்பர் ரிவர்ஸின் அறையில் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுவார். ரிவர்ஸ் பஞ்சால் தொடுவார், ஊசியால் குத்துவார், ஐஸ் வைப்பார், சுடவைப்பார். நாலு வருஷத்துக்கு மேல் இதே வேலை. 1908-ல் எல்லாவற்றையும் கட்டுரையாக வெளியிட்டார்கள். நம் வீக் எண்டைப் பற்றி இனிமேல் நாம் குறைப்பட்டுக்கொள்ளக் கூடாது.

எனக்கு ரிவர்ஸ் கிடையாது. வலது கை ஆள்காட்டி விரல்தான். அறுந்த நரம்பின் பாதையில் லேசாகத் தட்டிக்கொண்டே போனால், புது இழை எதுவரை வந்திருக்கிறதோ அந்த இடத்தில் சுர்ரென்று ஒரு ஷாக் விரல் பக்கம் ஓடும். டினெல் என்ற பிரெஞ்சு டாக்டர் 1915-ல், முதல் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களைப் பார்த்து எழுதியது. தினமும் தட்டி, ஷாக் அடிக்கும் இடத்தில் பால்பாயின்ட் பேனாவால் புள்ளி வைத்தேன். ஆபீஸில், "என்ன சார், கையில ஷேர் மார்க்கெட் கிராப்?" என்றார்கள். கிராப் ஏறிக்கொண்டுதான் இருந்தது!

நாலாவது மாதம், கும்பகோணத்திலிருந்து போன் வந்தது. மாமாவுக்கு பக்கவாதம்.

மாமா ரிட்டயர்டு ஹெட்கிளார்க். பி.பி. மாத்திரையை ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்கிறவர். சாயங்காலம் சட்டை பட்டன் போடும்போது வலது கை நழுவியிருக்கிறது. பேச்சு லேசாகக் குழறியிருக்கிறது. "பித்தம்" என்று அவரே தீர்ப்பு சொல்லி, எலுமிச்சை சாறு குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். விடிந்ததும் எழுந்திருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினோரு மணி நேரம் ஓடிவிட்டது.

மூளையின் கணக்கே வேறு. உடம்பின் எடையில் அது 2 சதவிகிதம்தான். ஆக்ஸிஜனில் 20 சதவிகிதத்தைத் தின்றுவிடும். குளோசிங் ஸ்டாக் என்று ஒன்றும் கிடையாது. அன்றன்றைக்கு என்றுகூட இல்லை, அந்தந்த நொடிக்கு சப்ளை வந்தாக வேண்டும். அதற்காக மூளைக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் மொத்த நீளம் சுமார் 600 கிலோமீட்டர், கிட்டத்தட்ட சென்னையிலிருந்து திருநெல்வேலி! எந்த மூலை வேலை செய்கிறதோ அந்த மூலைக்கு சப்ளை கூடும். இத்தாலியில் ஏஞ்சலோ மாஸ்ஸோ என்பவர் 1880 வாக்கிலேயே இதைப் பார்த்தார். மண்டை ஓட்டில் அடிபட்டு ஓட்டை விழுந்த ஒரு விவசாயியிடம், "எட்டுப் பன்னிரண்டு எத்தனை?" என்று கேட்டார். ஓட்டை வழியாகத் தெரிந்த மூளையின் துடிப்பு அதிகமானது. கணக்கென்றால் ரத்தம் தலைக்கேறும் என்பது எங்கள் காமர்ஸ் கிளாஸில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அந்தக் குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால்? பெரிய குழாய் அடைத்த பக்கவாதத்தில் நிமிஷத்துக்கு 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன என்று 2006-ல் ஒரு அமெரிக்க டாக்டர் கணக்குப் போட்டார். நான் வாங்குவது நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வட்டி. மாமாவின் முதலே நிமிஷத்துக்கு 19 லட்சமாகக் கரைந்துகொண்டிருந்தது.

போய்ப் பார்த்தேன். என் கையிலிருந்த பேனாப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, ரொம்ப சிரமப்பட்டு ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து, "மாப்ள... எத்தனை... மில்லி?" என்றார். சுற்றியிருந்த சொந்தக்காரர்கள் வேறு மாதிரி அர்த்தம் பண்ணிக்கொண்டு சிரித்தார்கள். மாமாவும் ஒரு பக்க வாயால் சிரித்தார். "தொண்ணூறு மாமா" என்றேன். அவர் இடது கையால் தன் வலது கையைத் தூக்கி என் முன்னால் வைத்தார். "எனக்கு?"

ஸ்கேல் என் பையிலேயே இருந்தது. ஆனால் அளந்து சொல்ல எண் இல்லை.

மூளையில் அறுந்தது வளராது என்று 1928-ல் ஆங்கிலத்தில் வந்த தன் புத்தகத்தில் எழுதினார் ஸ்பெயினின் ரமோன் இ காஹல். நரம்பு விஞ்ஞானத்தில் அவர்தான் சுப்ரீம் கோர்ட். அந்தத் தீர்ப்புக்கு 1981-ல் மாண்ட்ரியாலில் அப்பீல் போனது. டேவிட், அகுவாயோ என்ற இருவர் ஒரு எலியின் கால் நரம்பிலிருந்து துண்டு எடுத்து, மூளையின் அடித்தண்டிலிருந்து தண்டுவடத்துக்குப் பாலமாக வைத்தார்கள். வளரவே வளராது என்ற இழைகள் அந்தப் பாலத்துக்குள் மூன்று சென்டிமீட்டர் வரை வளர்ந்தன! அப்படியானால் செல்லுக்குத் திறமை இருக்கிறது, சுற்றுப்புறம்தான் விடவில்லை. ஜூரிச்சில் மார்ட்டின் ஷ்வாப், தடுக்கிற புரோட்டீன்களை 1988-ல் கண்டுபிடித்தார். அதில் ஒன்றுக்கு 2000-ல் வைத்த பெயர் 'நோகோ'. போகாதே என்று போர்டு மாட்டின மாதிரி. அந்த போர்டைக் கழற்றும் மருந்து மெடிக்கல் ஷாப்பில் வாங்குகிற அளவுக்கு இன்னும் வரவில்லை.

ஆனால் இன்னொரு வழி இருக்கிறது. செத்தவர்களின் வேலையைப் பக்கத்து சீட்டுக்காரர்கள் பழகிக்கொள்வார்கள். அதற்கு அவர்களைத் தினமும் வேலை வாங்க வேண்டும். மாமா பந்தைப் பிசைந்தார். பட்டாணியைப் பொறுக்கினார். பேப்பரை உரக்கப் படித்தார். என் விரல் ஏழாவது மாதம் முக்கால்வாசி திரும்பியது. மாமா ஒன்றரை வருஷத்தில் தானே சட்டை பட்டன் போட்டுக்கொண்டார். மேல் பட்டன் மட்டும் அத்தை.

தம்பிகளே, ஒன்றே ஒன்று. வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை கீழே நழுவினால், பேச்சு குழறினால், பித்தம் என்று சொல்லாதீர்கள். மாத்திரை, சாறு எதுவும் வேண்டாம். அடைப்பா, ரத்தக் கசிவா என்பதை ஸ்கேன்தான் சொல்லும். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. குழாய் விட்டு அடைப்பை எடுக்கும் சிகிச்சை, தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட. 108-க்கு போன் பண்ணுங்கள். ஆரம்பித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார். முப்பது வயசுதானே என்று நினைக்காமல் பி.பி.யை எப்போதாவது பார்த்துவிடுங்கள்.

மாமாவுக்கு இன்னும் சில வார்த்தைகள் வழுக்கும். 'எலுமிச்சை' இரண்டு தடவையில்தான் வரும். ஆனால் பார்க்க வருகிற எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி, ஒரு வாக்கியம் மட்டும் பழைய ஹெட்கிளார்க் குரலிலேயே கணீரென்று வந்துவிட்டது: "முதல்ல மணியப் பாருடா!"